மூன்று ப்ளேடு உடைத்த பையன் ஏன் வாயைத் திறக்கவில்லை?

கேள்வி: ரயில்வே பட்டறையில் டர்னராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். கொளத்தூரில் வீட்டுக் கார் ஷெட்டில் பழைய நாலரை அடி லேத் (இரும்பைச் சுழலவிட்டுக் கடையும் மிஷின்) ஒன்று வைத்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமைகளில் பொழுதுபோக்காகக் கற்றுக்கொள்ள ஏழெட்டுப் பேர் வருகிறார்கள். ஐ.டி. ஆட்கள் இரண்டு பேர், ஒரு பல் டாக்டர், கல்லூரியில் படிக்கும் ஒரு பெண், அவள் தம்பி, இன்னும் சிலர். ஒரு பைசா வாங்குவதில்லை. ஆனால் ஒருவரும் வாயைத் திறந்து ஒன்றும் கேட்பதில்லை. புரிந்ததா என்றால் எல்லாரும் தலையாட்டுகிறார்கள். போன மாதம் ஒரு பையன் 20 மி.மீ. எம்.எஸ். (மைல்டு ஸ்டீல்) ராடை வெட்டியெடுக்கப் போய், ராடைத் துண்டாக்கும் மெல்லிய பார்ட்டிங் ப்ளேடு மூன்றை உடைத்துவிட்டு, துண்டுகளை பாக்கெட்டில் போட்டுக்கொண்டு சத்தமில்லாமல் போய்விட்டான். அந்தப் பெண் தன் சந்தேகத்தைக்கூடத் தம்பியை விட்டுத்தான் கேட்கச் சொல்கிறாள். எங்கள் காலத்தில் கேட்டுக் கேட்டுத்தான் தொழில் கற்றோம். இவர்களுக்கு என்ன, கர்வமா? கேட்டால்தானே சொல்ல முடியும்?

பதில்: சார், முதலில் ஒரு சின்னச் சண்டை. நம் காலத்தில் கேட்டுக் கேட்டா கற்றோம்? நான் அம்பத்தூர் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் அப்ரன்டிஸாகச் சேர்ந்தபோது எங்கள் மேஸ்திரி டூல் (லேத்தில் வெட்டும் உளி) தீட்டப் போனால் முதுகைக் காட்டிக்கொண்டுதான் நிற்பார். என்ன கோணத்தில் வைக்கிறார் என்று யாரும் பார்த்துவிடக் கூடாது. அவர் டீ குடிக்கப் போனதும் ஓடிப்போய் டூலைப் பிடித்திருக்கும் டூல் போஸ்டில் இருக்கும் டூலைக் குனிந்து பார்ப்போம், விரலால் தடவிப் பார்ப்போம், சாயந்தரம் பழைய துண்டில் அதே மாதிரி தேய்த்துப் பார்ப்போம். அதற்குப் பேர் கேட்டுக் கற்பதில்லை, திருடிக் கற்பது. எட்டு மணி நேரமும் மிஷின் பக்கத்திலேயே நின்றதால் திருட நமக்கு நேரம் இருந்தது. வாரத்துக்கு ஒரு காலை மூன்று மணி நேரம் வருகிறவர் எப்படித் திருடுவார்? அவருக்குக் கேட்பது ஒன்றுதான் வழி, அதையும் ஏதோ ஒன்று அடைத்து வைத்திருக்கிறது. கர்வம் என்று நீங்கள் சொல்கிறீர்கள், முப்பது வருடம் டூல் ரூமிலும் அப்புறம் பயிற்சிக்கு வரும் பசங்களோடும் இருந்ததில் எனக்கு அப்படித் தோன்றவில்லை.

என் கதை ஒன்றைச் சொல்கிறேன், சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. அப்ரன்டிஸ் முடிந்து வேலைக்குச் சேர்ந்த முதல் கம்பெனி. அதுவரை நான் ஓட்டிய லேத்தில், டூலை பீஸுக்குள் நகர்த்தும் கிராஸ் ஸ்லைடின் டயல் விட்டத்தைக் காட்டும், அதாவது டயலில் 0.20 திருப்பினால் விட்டத்தில் 0.20 குறையும். புது இடத்து மிஷினில் டயல் டூல் நகரும் தூரத்தைத்தான் காட்டும், அதே 0.20 திருப்பினால் விட்டத்தில் 0.40 போய்விடும். எனக்கு அது தெரியாது. 40 மி.மீ.க்கு வர வேண்டிய ஷாஃப்ட், இன்னும் 0.20 எடுக்க வேண்டும், திருப்பினேன், எடுத்தேன், மைக்ரோமீட்டர் வைத்தால் 39.80. நான்தான் தப்பாக அளந்திருப்பேன் என்று நினைத்துக்கொண்டு அடுத்த பீஸையும் அதே மாதிரி எடுத்தேன், அதுவும் 39.80. ஃபோர்மேன் பத்தடி தூரத்தில் நிற்கிறார், ஆனால் காலையில்தான் ஒருத்தனை எல்லார் முன்னாலும் "நாலு வருஷம் என்னத்தடா படிச்ச" என்று கேட்டிருந்தார். அந்த ஒரு வாக்கியம் பட்டறையில் இருந்த பன்னிரண்டு பேர் வாயையும் அடைத்துவிட்டது, எனக்குச் சொன்னது இல்லைதான், ஆனால் எனக்கும் சேர்த்துத்தான். இரண்டு பீஸையும் ஸ்கிராப் தொட்டியில் சீவலுக்கு அடியில் புதைத்தேன். உங்கள் பையன் பாக்கெட்டில் போட்டான், அவ்வளவுதான் வித்தியாசம்.

யார் சொல்லித் தெரிந்தது தெரியுமா? டீக்கடையில், பக்கத்து மிஷின் ஆள். டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு மெதுவாகச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. "அந்த மிஷின்ல டயல் பாதிதான் காட்டும்பா, நான் வந்த புதுசுல நாலு பீஸ் போட்டேன்" என்றார், வடையைக் கடித்தார், பேச்சு கிரிக்கெட்டுக்குப் போய்விட்டது. அதற்கப்புறம் அந்தக் கம்பெனியில் இருந்த ஆறு வருடமும் எனக்கு எந்தச் சந்தேகம் வந்தாலும் அவரிடம்தான் போனேன். அவர் பெரிய கெட்டிக்காரர் ஒன்றும் இல்லை, ஃபோர்மேனுக்கு அவரைவிடப் பத்து மடங்கு தெரியும். இருந்தும் கேள்வி எல்லாம் அவரிடம்தான் போனது.

உங்கள் ஷெட்டில் என்ன நடக்கிறது என்று எனக்குத் தெரியாது. நீங்கள் திட்டுகிற ஆளாகவும் தோன்றவில்லை, காசு வாங்காமல் ஞாயிற்றுக்கிழமையைக் கொடுக்கிறவர் திட்டுவாரா. ஆனால் கேள்வியைக் கொல்லத் திட்ட வேண்டும் என்றில்லை. "இதுகூடத் தெரியாதா" என்று சிரித்துக்கொண்டே, பாசமாகச் சொன்னாலும் கொன்றுவிடும். நீளமான பதிலும் கொல்லும், இது நம்மைப் போன்ற வயசானவர்களுக்கே உள்ள வியாதி. ஒருவர் "சார், எத்தனை ஆர்.பி.எம். வைக்கணும்" என்று கேட்பார், அவருக்கு வேண்டியது ஒரு நம்பர். நாம் கட்டிங் ஸ்பீடு என்றால் என்ன, எச்.எஸ்.எஸ். (ஹை ஸ்பீடு ஸ்டீல்) டூல் வருவதற்கு முன்னால் எதில் வெட்டினார்கள், அதைவிடக் கடினமான கார்பைடு வந்த பிறகு எப்படி மாறியது என்று ஆரம்பித்து அரை மணி நேரம் பேசுவோம். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, இனி இவரிடம் எதையும் கேட்கக் கூடாது என்று முடிவு செய்துகொண்டு போவார். நம்பரை முதலில் கொடுங்கள். எம்.எஸ்., எச்.எஸ்.எஸ். டூல், 25 மி.மீ. விட்டம் என்றால் 380 பக்கத்தில் வை, உன் மிஷினில் அதற்குக் கீழே எது இருக்கிறதோ அதில் போடு. அவ்வளவு. அந்தப் பீஸ் நல்லபடியாக வந்ததும் அவரே "அது எப்படி சார் 380" என்று வருவார். அப்போது கட்டிங் ஸ்பீடு நிமிடத்துக்கு 30 மீட்டர், அதை ஆயிரத்தால் பெருக்கி, சுற்றளவால் வகு என்று சொன்னால் காதில் ஏறும். முதலிலேயே சொன்னால் பாடம், பிறகு சொன்னால் பதில்.

இன்னொன்று, நீங்கள் கவனித்திருக்க மாட்டீர்கள், ஏனென்றால் உங்களுக்கு அது மறந்து நாற்பது வருடம் ஆகியிருக்கும். கேட்கச் சொல் வேண்டும். நமக்கு சாட்டர் (வெட்டும்போது வரும் அதிர்வு), ரன்-அவுட் (பீஸ் கோணலாகச் சுற்றுவது), பேக்லாஷ் (ஸ்க்ரூவின் வெற்று ஆட்டம்) எல்லாம் தாய்மொழி மாதிரி. புதிதாக வருகிறவருக்கு லேத் போடும் அந்த "க்ரீச்" என்ற சத்தத்துக்கு ஒரு பெயர் இருக்கிறது என்பதே தெரியாது. பெயர் தெரியாததை எப்படிக் கேட்பார்? "சார், அந்த... அது... ஒரு மாதிரி சத்தம் வருது" என்று சொல்ல கூச்சப்பட்டுக்கொண்டு பேசாமல் நிற்பார். உண்மையில் "ஒரு மாதிரி சத்தம் வருது" என்பதைவிட நல்ல கேள்வி லேத் பக்கத்தில் கிடையாது, பாதி வியாதியை நாமே காதால்தான் கண்டுபிடிக்கிறோம். அதனால் புதிதாக ஒருவர் வந்தால் முதல் நாள் எதையும் வெட்டவிடாதீர்கள். மிஷினை அணைத்து வைத்துவிட்டு, கையால் தொட்டுத் தொட்டு இது பீஸைப் பிடிக்கும் சக், இது மறுமுனையைத் தாங்கும் டெயில்ஸ்டாக், இது ஸ்லைடின் ஆட்டத்தை எடுக்கும் ஜிப், இதை இறுக்கினால் இது ஆடாது என்று சொல்லிக்கொடுங்கள், அவரையும் தொட்டுச் சொல்லச் சொல்லுங்கள். சின்னப்பிள்ளைத்தனமாக இருக்கும். பல் டாக்டருக்கு அதில் ஒன்றும் கூச்சம் இருக்காது பாருங்கள், அவர் முதல் வருடம் முழுக்க எலும்புக்குப் பேர்தான் படித்திருப்பார்.

சொல் தெரியாமல் தலையாட்டினால் என்ன ஆகும் என்பதற்கு என்னிடம் வருகிற ஒருவர் கதை போதும். மென்பொருள் வேலை, சோழிங்கநல்லூரில் வீடு. 20 மி.மீ. ராடு வாங்க பாரிஸ் கார்னர் (பாரிமுனை) போயிருக்கிறார். கடைக்காரர் "ஆறு நூலா தம்பி?" என்று கேட்டிருக்கிறார். இவருக்கு நூல் என்றால் தைக்கிற நூல்தான் தெரியும், ஆனால் பின்னால் நாலு பேர் நிற்கிறார்கள், கடைக்காரர் அவசரத்தில் இருக்கிறார், தலையாட்டிவிட்டார். எட்டு நூல் ஒரு அங்குலம், ஆறு நூல் என்றால் முக்கால் அங்குலம், அதாவது 19.05 மி.மீ. இவருக்கு வேண்டியது 20. வீட்டுக்கு வந்து வெர்னியர் வைத்துப் பார்த்துவிட்டு மறுபடி அந்த டிராஃபிக்கில் பாரிஸ் கார்னர் போனார். "நூல்னா என்னண்ணே" என்று கேட்டிருந்தால் கடைக்காரர் ஒரு நொடியில் சொல்லியிருப்பார், அதிகபட்சம் ஒரு சிரிப்பு சிரித்திருப்பார். அந்தச் சிரிப்புக்குப் பயந்துதான் இரண்டு தடவை அலைந்தார். இத்தனைக்கும் பெரிய படிப்புப் படித்தவர், அலுவலகத்தில் இருபது பேரை மேய்க்கிறவர். அதுதான் விஷயமே. தன் வேலையில் கெட்டிக்காரராக இருப்பவருக்கு இன்னொரு இடத்தில் ஒன்றும் தெரியாதவராக நிற்பது ரொம்பக் கஷ்டம், பதினேழு வயதுப் பையனுக்கு இருப்பதைவிடக் கஷ்டம். நீங்கள் கர்வம் என்று பார்ப்பது அனேகமாக இதுதான்.

"புரிஞ்சுதா?" என்று கேட்பதை இன்றோடு விட்டுவிடுங்கள். அந்தக் கேள்விக்கு நம் ஊரில் ஒரே பதில்தான் உண்டு. பள்ளிக்கூடத்திலிருந்தே பழக்கிவிட்டிருக்கிறோம், புரியவில்லை என்று சொன்னவன் பெஞ்சு மேல் நின்றான். அதற்குப் பதிலாக, சுவிட்சைப் போடுவதற்கு முன்னால் என்ன நடக்கப் போகிறது என்று அவரையே சொல்லச் சொல்லுங்கள். சக் எந்தப் பக்கம் சுற்றும், டூல் முதலில் எங்கே தொடும், எந்த இடத்தில் நிறுத்தப் போகிறாய், டூலைச் சுமந்து நகரும் கேரேஜ் சக்கில் இடிக்காமல் நிற்குமா? பாதி சொல்லும்போதே அவருக்கே தடுக்கும், அந்தத் தடுக்கிற இடம்தான் அவருடைய கேள்வி. அதைத் தானாகக் கேட்டதாகவே அவருக்குத் தோன்றும், நீங்கள் பிடுங்கியது மாதிரி இருக்காது.

இடமும் முக்கியம் சார். மிஷின் பக்கத்தில், ஏழு பேர் சுற்றி நிற்கும்போது, சுவிட்சு போட்டிருக்கும்போது யாரும் கேட்க மாட்டார்கள். பதினோரு மணிக்கு டீ வரவழையுங்கள். டீயைக் கையில் கொடுத்துவிட்டு, நீங்கள் ஏதாவது வேலை செய்துகொண்டிருங்கள், மிஷினின் அடிப்பாகமான பெட்டைத் துடைக்கலாம், எண்ணெய் போடலாம். கண்ணைப் பார்க்காத ஆளிடம்தான் மனிதர்கள் கஷ்டமான கேள்வியைக் கேட்பார்கள். எனக்கு வந்த நல்ல கேள்விகள் எல்லாம் நான் துணியால் ஏதோ துடைத்துக்கொண்டிருந்தபோது முதுகுக்குப் பின்னாலிருந்து வந்தவைதான். மழைக்காலத்தில் துடைக்க நமக்கு வேலைக்கா பஞ்சம், ஐப்பசி வந்தால் ராத்திரி துடைத்த பெட்டில் காலையில் துரு.

அப்படி வந்த ஒரு கேள்வி என்னைக் கவிழ்த்தது. மரை (ஸ்க்ரூவின் புரி) வெட்டும்போது, டூலைச் சாய்வாக நகர்த்தும் காம்பவுண்டு ஸ்லைடை 29 அல்லது 29½ டிகிரியில் திருப்பி வைக்கிறோமே, மரை 60 டிகிரி, பாதி 30 தானே, ஏன் சரியாக 30 வைக்கக் கூடாது என்று வந்து மூன்றே வாரம் ஆன ஒருவர் கேட்டார். இருபது வருடம் 29½ வைத்தவன் நான், ஏன் என்று யோசித்ததே இல்லை, மேஸ்திரி வைத்தார், நானும் வைத்தேன். தெரியாது, யோசித்துச் சொல்கிறேன் என்றேன். அடுத்த வாரம் ஒரு பெரிய படம் வரைந்து பார்த்தோம். டூலின் ஒரு பக்கம்தான் முழு வேலை செய்கிறது, மறு பக்கம் சரியாக 30 ஆக இருந்தால் வெறுமனே உரசிக்கொண்டு போகும், அரை டிகிரி குறைத்தால் அந்தப் பக்கத்தையும் மெல்லியதாகச் சீவிக்கொண்டு வரும், சுவர் சுத்தமாக இருக்கும். படம் வரைந்தபோது கூட இருந்த மற்றவர்கள் அன்று கேட்ட கேள்விகள் அதுவரை ஆறு மாதத்தில் கேட்டதைவிட அதிகம். என் வாயிலிருந்து "தெரியாது" வந்ததுதான் காரணம் என்று நினைக்கிறேன். நீங்களும் ஒன்றிரண்டு தடவை சொல்லிப் பாருங்கள். பொய்யாகச் சொல்லாதீர்கள், கண்டுபிடித்துவிடுவார்கள். உண்மையிலேயே தெரியாதது நம் எல்லாரிடமும் வேண்டிய அளவு இருக்கிறது.

அந்தப் பெண்ணைப் பற்றி. இதில் கொஞ்சம் நேராகவே சொல்கிறேன், கோபிக்காதீர்கள். தம்பி கேட்கும் கேள்வி அவளுடையது என்று உங்களுக்குத் தெரிந்திருக்கிறது, அப்படியானால் பதில் சொல்லும்போது யார் முகத்தைப் பார்த்துச் சொல்கிறீர்கள்? அவள் ஹேண்டிலைத் தப்பாகத் திருப்பினால் என்ன செய்கிறீர்கள், வாயால் சொல்கிறீர்களா, "தள்ளும்மா" என்று கையிலிருந்து வாங்கி நீங்களே செய்துவிடுகிறீர்களா? நான் அதைச் செய்திருக்கிறேன், நல்ல எண்ணத்தில்தான், என்னிடம் வந்த ஒரு பெண் இரண்டு மாதம் கழித்துச் சொல்லித்தான் எனக்கே தெரிந்தது. ஹேண்டிலைக் கையிலிருந்து வாங்கிவிட்டால் கேள்வியையும் சேர்த்து வாங்கிக்கொண்ட மாதிரி. கையைப் பின்னால் கட்டிக்கொள்ளுங்கள், வாயால் மட்டும் சொல்லுங்கள். மெதுவாகத்தான் நடக்கும், ஒரு பீஸ் வீணாகும், ஆகட்டும்.

கேட்கவே வேண்டாத விஷயங்களும் உண்டு, அதையும் முதல் நாளே சொல்லிவிட வேண்டும். சக் சாவி சக்கிலேயே நின்றால், யாராவது கையுறையோடு மிஷின் பக்கம் போனால், துப்பட்டாவோ முழுக்கைச் சட்டையோ செயினோ தொங்கினால், சக்கைச் சுழற்றும் ஸ்பிண்டிலின் பின்பக்கம் நீளமாக ராடு நீட்டிக்கொண்டிருந்தால், எமரித் தாளை ஓடும் பீஸில் விரலைச் சுற்றிப் பிடித்தால், அங்கே நிற்கும் எவரும், நேற்று வந்தவராக இருந்தாலும், உங்களிடம் அனுமதி கேட்காமல் சுவிட்சை அணைக்கலாம். அணைத்தவர் தப்பாகவே அணைத்திருந்தாலும் "சரி, நல்லது" என்று மட்டும் சொல்லுங்கள், அரைக் குரலில்கூடச் சலித்துக்கொள்ளாதீர்கள். ஒரு தடவை சலித்துக்கொண்டால் அடுத்த தடவை அணைக்க வேண்டிய நேரத்தில் அணைக்க மாட்டார். ப்ளேடு உடைவது காசோடு போகும்.

காசு என்றதும் ஞாபகம் வருகிறது, உங்கள் பையன் பயந்தது பாதி காசுக்கும் இருக்கலாம். நீங்கள் காசு வாங்காமல் சொல்லித்தருகிறீர்கள், அவன் உங்கள் ப்ளேடை ஒன்றல்ல, மூன்று உடைத்துவிட்டான், எந்த முகத்தோடு வந்து சொல்வான்? இலவசத்துக்கு இப்படி ஒரு கனம் உண்டு, நமக்கு அது தெரிவதில்லை. ஆளுக்கு மாதம் நூறு ரூபாய் ஒரு டப்பாவில் போடச் சொல்லுங்கள், உடைகிறதெல்லாம் அந்தக் கணக்கில். அப்புறம் இன்னொரு டப்பா, உடைந்த டூல், தப்பாகப் போன பீஸ் எல்லாம் போட. முதலில் உங்களுடையதைப் போடுங்கள், உங்கள் ஷெட்டில் எங்காவது கிடக்கும், இல்லை என்று சொன்னால் நம்ப மாட்டேன்.

கற்க வருகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை, இதை அவர்களிடம் படித்துக் காட்டுவதானால் காட்டுங்கள். நல்ல கேள்வி கேட்க அறிவு வேண்டாம், பீஸ் வேண்டும். கெட்டுப்போன பீஸைக் கையோடு கொண்டு வாங்க, என்ன மெட்டீரியல், என்ன விட்டம், என்ன ஸ்பீடு, டூல் எவ்வளவு வெளியே நீட்டியிருந்தது, இப்படிச் செய்தேன் இப்படி வந்தது, அவ்வளவு சொன்னால் போதும். எதுவும் ஞாபகம் இல்லையென்றால் பீஸை மட்டும் மேஜையில் வைங்க, மீதியை அது சொல்லும்.

கடைசியாக அந்தப் பையன் விஷயம். கூப்பிட்டு விசாரிக்காதீர்கள், பாக்கெட்டில் போட்டதைப் பார்த்ததாகவும் காட்டிக்கொள்ள வேண்டாம். அடுத்த ஞாயிறு, பார்ட்டிங் இன்னொரு தடவை பண்ணலாம், எனக்கே இந்த மிஷினில் அது ஒழுங்காக வருவதில்லை என்று ஆரம்பியுங்கள். 20 மி.மீ. ராடு, சக்குக்கு எவ்வளவு பக்கத்தில் முடியுமோ அவ்வளவு பக்கத்தில் வெட்டு, ப்ளேடு 12, 13 மி.மீ.க்கு மேல் வெளியே நீட்ட வேண்டாம், ஸ்பீடு டர்னிங்குக்கு (சாதாரணக் கடைசலுக்கு) வைப்பதில் பாதி, 200 பக்கம். முனை சென்டர் உயரத்தில் இருக்கிறதா என்று ராடுக்கும் முனைக்கும் நடுவில் ஸ்டீல் ஸ்கேலை லேசாகப் பிடித்துப் பார்க்கச் சொல்லுங்கள், ஸ்கேல் நேராக நின்றால் சரி, மேல் நுனி நம் பக்கம் சாய்ந்தால் முனை கீழே இருக்கிறது, அந்தப் பக்கம் சாய்ந்தால் மேலே. கேரேஜை லாக் பண்ணி, எண்ணெய் விட்டுக்கொண்டே, பயந்து பயந்து நிறுத்தாமல் ஒரே சீராக உள்ளே விடச் சொல்லுங்கள்.

இத்தனையும் செய்தும் ப்ளேடு உள்ளே இழுத்துக்கொண்டால் உடனே நிறுத்திவிட்டு, டூல் போஸ்டை இரண்டு கையாலும் பிடித்து ஆட்டிப் பாருங்கள். நாலரை அடி பழைய மிஷின், கிராஸ் ஸ்லைடு ஜிப் எப்போது கடைசியாக இறுக்கினீர்கள்? அது தளர்ந்திருந்தால், ஸ்க்ரூவில் பேக்லாஷும் சேர்ந்தால், ப்ளேடு தானாகவே பீஸுக்குள் பாயும், யார் பிடித்தாலும் முறியும். உங்கள் கைக்கு அந்த ஆட்டம் பழகிப்போயிருக்கும், தெரியாமலே சரிக்கட்டிக்கொண்டு ஓட்டுவீர்கள். அந்தப் பையன் கைக்கு அது பழகவில்லை. முதல் ப்ளேடு போனபோதே அவன் "சார், இது தானா உள்ளே போகுது" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் உங்கள் மிஷினில் என்ன கோளாறு என்று ஒரு மாதம் முன்னாலேயே உங்களுக்குத் தெரிந்திருக்கும்.